காசி: ஒவ்வொரு மனநிலைக்கும் ஒரு சன்னிதி

பயத்துக்குக் காலபைரவர், பசிக்கு அன்னபூரணி, கொதிப்புக்குச் சீதளா, தவிப்புக்கு அனுமன். கங்கைக் கரையின் பழைய நகரம் மனித மனத்தின் ஒவ்வொரு கலக்கத்துக்கும் ஒரு முகவரி வைத்திருக்கிறது.

காசியில் உள்ள சன்னிதிகளை எண்ணி முடித்தவர் யாரும் இல்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு லிங்கம், டீக்கடைக்குப் பின்னால் ஒரு பிள்ளையார், அரசமரத்தின் அடியில் செந்தூரம் அப்பிய ஒரு கல். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்தில் ஒரு மாடம், அதற்குள் ஒரு தெய்வம். இத்தனை கடவுள்கள் ஒரே ஊரில் எதற்கு என்ற கேள்வி வெளியூர்க்காரர்களுக்கு வந்தே தீரும். காசிக்காரர்களுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை மனிதனுக்கு ஒரே கவலையா இருக்கிறது?

புராணம் இதற்கு ஒரு சுவையான பதில் வைத்திருக்கிறது. ஸ்காந்த புராணத்தின் காசி காண்டத்தில் வருகிற கதை. தென்காசிப் பாண்டியர் அதிவீரராமர் 16-ஆம் நூற்றாண்டில் தமிழில் பாடிய காசி காண்டத்தின் மூலமும் அதுதான். திவோதாசன் என்ற அரசன் காசியை ஆளச் சம்மதிக்கிறான், ஒரு நிபந்தனையோடு. தேவர்கள் எல்லோரும் பூமியை விட்டு வெளியேற வேண்டும். சிவனும் மந்தர மலைக்குப் போய்விடுகிறார். ஆனால் காசியைப் பிரிந்து அவரால் இருக்க முடியவில்லை. அரசனிடம் குற்றம் கண்டுபிடித்து அவனை வெளியேற்ற 64 யோகினிகளை அனுப்புகிறார். போனவர்கள் திரும்பவில்லை. சூரியனை அனுப்புகிறார், அவனும் வரவில்லை. பிரம்மன் போய்ப் பத்து அசுவமேத யாகம் செய்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். தசாசுவமேதப் படித்துறை அதன் நினைவு. ஊரைப் பார்த்து மயங்கிய ஒவ்வொருவரும் ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, காசியின் தெய்வங்களே பிரிவையும் ஆசையையும் தயக்கத்தையும் சுமந்துகொண்டு வந்தவர்கள். அவர்களிடம் மனிதர்கள் தங்கள் மனக் குறைகளைச் சொல்லப் போவதில் வியப்பு இல்லை.

நடுங்கும் சூரியன்

துளசி படித்துறைக்கு அருகே பதைனிப் பகுதியில் உள்ளது லோலார்க் குண்டம். செங்குத்தான படிகள் இறங்கும் ஆழமான கிணற்றுக் குளம். ‘லோலம்’ என்றால் அசைவது, நடுங்குவது. ‘அர்க்கன்’ சூரியன். காசியைக் கண்டதும் சூரியனின் மனம் ஆசையால் நடுங்கியதாம். அதனால் இந்தப் பெயர். உலகத்துக்கே வெளிச்சம் தருகிறவனுக்கும் உள்ளம் ஆடும் என்று ஒப்புக்கொள்கிற பெயர்.

இங்கே வருகிறவர்களின் ஆசையும் அந்த வகைதான். புரட்டாசியை ஒட்டி வரும் பாத்திரபத வளர்பிறைச் சஷ்டியன்று குழந்தை வேண்டும் தம்பதிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு இந்தக் குளத்தில் முழுகுகிறார்கள். உடுத்தியிருந்த ஈரத் துணியை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு காயையோ பழத்தையோ இனித் தொடுவதில்லை என்று விலக்கிவிட்டுப் படியேறுகிறார்கள். பெற வந்தவர்கள் முதலில் ஒன்றை விட வேண்டும் என்பது இதன் கணக்கு. ஊரில் உறவினர் கேட்கும் கேள்விகளையும் அந்த ஈரத் துணியோடு கழற்றிப் போட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிற பெண்கள் அந்தக் கூட்டத்தில் நிறையவே இருப்பார்கள்.

தமிழ் வீடுகளில் ‘காசிக்குப் போய் விட்டுவிட்டேன்’ என்று பெரியவர்கள் பாகற்காயையோ கொத்தவரங்காயையோ ஒதுக்குவது இந்த வழக்கத்தின் உறவுதான். முறைப்படி அந்தத் துறத்தல் நடப்பது கயையில், அட்சய வடத்தின் அடியில். பிடித்ததை விட வேண்டும் என்பது விதி. பலரும் விடுவது ஏற்கெனவே பிடிக்காத காயை. மனம் தெய்வத்திடமும் பேரம் பேசும் என்பது புரோகிதர்களுக்குத் தெரியாததல்ல.

சுமுகனும் துர்முகனும்

கடைசியில் திவோதாசனை அசைத்தவர் பிள்ளையார். சோதிடர் வேடத்தில் நுழைந்து ஊராரின் மனத்தைக் கலைத்தார். அவர்தான் விஸ்வநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் அமர்ந்திருக்கும் துண்டிராஜ விநாயகர். ‘துண்டி’ என்றால் தேடுதல். தேடுகிறவர்களுக்கும் தேடப்படும் பொருளுக்கும் நடுவில் இருப்பவர்.

இவரைச் சுற்றிக் காசியில் 56 விநாயகர்கள். திசைக்கு ஒருவராக வட்டத்துக்கு எட்டுப் பேர், மொத்தம் ஏழு வட்டங்கள். வெளி வட்டத்தில் ஊரின் எல்லையைக் காப்பவர்கள். உள்ளே வரவர வட்டம் சுருங்குகிறது. கோயிலை ஒட்டிய ஏழாவது வட்டத்தில் இருக்கும் பெயர்களைக் கவனித்தால் சுவாரசியம். மோதன், பிரமோதன், சுமுகன், துர்முகன், கணநாதன், ஞானன், துவாரன், அவிமுக்தன். மோதம் மகிழ்ச்சி, பிரமோதம் பெருமகிழ்ச்சி. சுமுகம் மலர்ந்த முகம், துர்முகம் கடுகடுத்த முகம். ஞானம் அறிவு, துவாரம் வாசல். அவிமுக்தம் என்பது சிவன் கைவிடாத தலம் என்று காசிக்கே உரிய பெயர்.

எல்லையில் காவலர்களாக இருந்த பிள்ளையார்கள் கருவறைக்கு அருகே வந்ததும் மனநிலைகளாகிவிடுகிறார்கள். அதில் சிடுமூஞ்சிக்கும் ஓர் இடம் உண்டு. நல்ல மனநிலையோடுதான் சாமி கும்பிட வேண்டும் என்று இந்த வரைபடத்தை வகுத்தவர்கள் நினைக்கவில்லை.

கோத்வாலின் ஆட்சி

காசியின் கோத்வால், அதாவது நகரக் காவல் தலைவர், காலபைரவர். விசுவேசுவரகஞ்ச் சந்துகளுக்குள் இருக்கும் அவருடைய கோயிலில் வெள்ளி முகம் மட்டும் தெரியும். மற்ற உடம்பு துணிக்குள். வாகனம் நாய். கடுகெண்ணெய் விளக்கு, உளுந்து வடை மாலை, மது ஆகியவை படையல். பூசாரிகள் மயில்பீலிக் கட்டால் பக்தர்களின் முதுகில் லேசாகத் தட்டுகிறார்கள், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுகிறார்கள். அவருடைய அனுமதி இல்லாமல் காசியில் தங்க முடியாது என்பது நம்பிக்கை. மாற்றலாகி வரும் அதிகாரிகளும் முதலில் இங்கே தலைகாட்டுவது வழக்கம்.

பயப்படுகிறவர்கள் இவ்வளவு பயங்கரமான தெய்வத்திடம் ஏன் வருகிறார்கள்? விடை அவருடைய சொந்தக் கதையில் இருக்கிறது. செருக்கோடு பேசிய பிரம்மனின் ஐந்தாவது தலையைப் பைரவர் கிள்ளினார். அந்த மண்டை ஓடு அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. எத்தனை தலங்கள் சுற்றியும் விழவில்லை. காசி எல்லைக்குள் வந்ததும் கபால மோசனத்தில் கழன்று விழுந்தது. செய்த காரியம் கையை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டே வருவதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதையும் சொல்லவில்லை. குற்ற உணர்வு என்று இன்று சொல்வதை அன்று மண்டை ஓடாகவே கையில் கொடுத்துவிட்டார்கள். கார்த்திகை மாதத் தேய்பிறை அஷ்டமியில் இங்கே கூட்டம் நிரம்பி வழிகிறது.

காசியில் இறப்பவர்களிடம் எமனுக்கு அதிகாரம் இல்லை என்பார்கள். ஆனால் கணக்குத் தீராமல் போவதும் இல்லை. பல பிறவிகளின் வினைப்பயனை ஒரே கணத்தில் அனுபவித்துத் தீர்ப்பதற்குப் பைரவி யாதனை என்று பெயர். அதை நடத்துபவர் பைரவர். ‘காலம்’ என்றால் நேரம், மரணம் இரண்டும்தான். நேரம் போதவில்லை என்ற பதற்றமும் மரண பயமும் ஒன்றே என்று வேதாந்திகள் விளக்குவார்கள். கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வெளியே வருகிற வியாபாரிக்கு அந்த விளக்கம் தேவைப்படுவதில்லை. இனி ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம் போதும்.

பிச்சை கேட்கும் சிவன்

விஸ்வநாதர் கோயிலுக்கு அருகிலேயே அன்னபூரணி. மராட்டியர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். உலகம் வெறும் மாயை, உணவும் மாயை என்று சிவன் சொன்னாராம். அதைக் கேட்ட பார்வதி மறைந்துபோனாள். விளைச்சல் நின்றது, உலகம் பட்டினியில் துடித்தது. கடைசியில் காசியில் அவள் கரண்டியோடு தோன்ற, சிவன் ஓட்டை ஏந்தி அவளிடம் பிச்சை கேட்டார். அடுப்படியில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் இந்தக் கதையை ஏன் விரும்புகிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய தத்துவம் பேசுகிறவருக்கும் நேரத்துக்குச் சோறு வேண்டும்.

தங்க அன்னபூரணியின் தரிசனம் தீபாவளியை ஒட்டிய சில நாள்களில் மட்டும்தான். தன திரயோதசியன்று திறக்கிறார்கள். பக்தர்களுக்கு நாணயமும் நெற்பொரியும் பிரசாதம். ‘கஜானா’ என்று அதற்குப் பெயர். வாங்கியவர்கள் செலவழிக்காமல் பணப்பெட்டியிலோ அரிசிப் பானையிலோ வைத்துக்கொள்கிறார்கள். காசியிலிருந்து வாங்கி வரும் சின்ன அன்னபூரணி விக்கிரகத்தை அரிசி மேல் வைத்துக் கும்பிடுவது பல தமிழ் வீடுகளிலும் உண்டு. நாளைக்கு என்ன செய்வது என்ற பயத்துக்கு ஒரு பிடி அரிசியே மருந்து.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் காசியிலிருந்து களவு போன ஓர் அன்னபூரணி சிலை கனடாவில் ரெஜைனா பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் கண்டுபிடிக்கப்பட்டு இந்தியா திரும்பியது. 2021 நவம்பரில் அது விஸ்வநாதர் கோயில் வளாகத்தில் நிறுவப்பட்டது.

குளிர்ச்சியும் கோபமும்

தசாசுவமேதத்தின் பக்கத்தில் கரையோரம் சீதளா தேவி கோயில். கழுதை வாகனம், கையில் துடைப்பம், தண்ணீர்க் குடம், தலையில் முறம். மாரியம்மனின் வடநாட்டுச் சகோதரி என்று தமிழர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெயருக்குப் பொருள் ‘குளிர்ந்தவள்’. அம்மை போட்ட உடம்பின் வெப்பத்தைத் தணிப்பவள். சீதளா அஷ்டமியன்று அடுப்பு மூட்டாமல் முதல் நாள் சமைத்து ஆறியதையே படைத்துச் சாப்பிடுகிறார்கள்.

1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை யாரையும் தாக்கவில்லை. 1980-ல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி சாதித்த வேலை அது. நோய் போய்விட்டது, ஆனால் சீதளாவின் வாசலில் கூட்டம் குறையவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கொதிப்பு, குடித்துவிட்டு வருகிற கணவனின் சீற்றம், மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ளும் வீட்டின் சூடு எல்லாம் இப்போது அவள் பொறுப்பு. மழைக்காலத்தில் கங்கை பெருகிக் கோயிலுக்குள் புகும்போது அவளையே மேட்டுக்கு இடம் மாற்றுகிறார்கள்.

தெற்கே துர்கா குண்டத்தில் செங்காவி பூசிய கோயில். வங்காளத்து நாட்டோர் ராணி பவானி 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. நவராத்திரியில் ஒன்பது நாளும் ஊரின் ஒன்பது துர்க்கைகளை வரிசையாகத் தரிசிப்பது காசி வழக்கம். நாலாம் நாள் இவளுடையது, கூஷ்மாண்டா. அந்த நாள்களில் ஓதப்படும் தேவி மாகாத்மியத்தில் ஒரு நீண்ட துதி உண்டு. எல்லா உயிர்களுக்குள்ளும் தேவி என்னென்ன வடிவில் இருக்கிறாள் என்ற பட்டியல் அது. அறிவு, தூக்கம், பசி, தாகம், பொறுமை, வெட்கம், அமைதி, நினைவு, இரக்கம், நிறைவு. கடைசியில் ‘பிராந்தி’யும் வருகிறது. அதாவது மனக்குழப்பம், தடுமாற்றம். தூங்குவதும் தடுமாறுவதும் தேவிதான் என்று நூலே சொல்லிவிட்டபின், தெய்வங்களுக்கு மனத்தத்துவ விளக்கம் கொடுப்பது ஏதோ படித்தவர்களின் புதுமை என்று நினைக்க இடமில்லை.

தன் பலம் மறந்தவர்

செவ்வாய், சனிக்கிழமைகளில் காசியின் பாதி சங்கட மோசனத்தில் இருக்கும். துளசிதாசர் நிறுவியதாகப் பாரம்பரியம் சொல்லும் அனுமன் கோயில். கடலை மாவு லட்டு, துளசி மாலை, மரமெல்லாம் குரங்குகள். வேலை கிடைக்காத இளைஞர்கள், தேர்வு எழுதப் போகும் மாணவர்கள், மருத்துவமனையில் யாரையோ சேர்த்துவிட்டு வந்தவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து அனுமன் சாலிசா படிக்கிறார்கள்.

மனம் ஒரு குரங்கு என்பது பழைய உவமை. அந்தக் குரங்கையே தெய்வமாக்கி, அதன் கண்ணை எதிரே இருக்கும் ராமர் சன்னிதியின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. முனிவர்களின் சாபத்தால் அனுமனுக்குத் தன் பலமே தெரியாது. கடற்கரையில் ஜாம்பவான் நினைவூட்டிய பிறகுதான் எழுந்து தாவினார். தன்னால் முடியாது என்று சுருண்டு கிடப்பவனுக்கு இந்தக் கதை சொல்வது எளிது: பலம் இருக்கிறது, நினைவூட்ட ஒருவர் வேண்டும்.

இந்த நம்பிக்கைக்கு உண்மையான சோதனை 2006 மார்ச் 7-ஆம் தேதி வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை, கூட்டம் நிறைந்த நேரத்தில் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலும் வெடித்தது. பலர் உயிரிழந்தார்கள். பயமும் கோபமும் நகரத்தைப் பற்றி எரித்திருக்கலாம். எரியவில்லை. மறுநாளே வழிபாடு தொடர்ந்தது. கோயிலின் மகந்த் வீரபத்ர மிஸ்ராவும் முஸ்லிம் மதத் தலைவர்களும் அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார்கள், நகரம் கேட்டது. நீரியல் பொறியியல் பேராசிரியரான மிஸ்ரா, கங்கையைச் சுத்தப்படுத்த 1982-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கியவர். கங்கை தாய் என்று தினமும் முழுகினார், அதே தண்ணீரில் சாக்கடைக் கிருமி எத்தனை என்று ஆய்வுக்கூடத்தில் எண்ணவும் செய்தார். 2013-ல் காலமானார். அதே கோயிலின் இசை விழாவில் 2015-ல் பாகிஸ்தான் கஜல் பாடகர் குலாம் அலி பாடினார்.

மறுத்தவர்களின் காசி

தெய்வங்கள் வேண்டாம் என்றவர்களும் இந்த ஊர்க்காரர்களே. சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் சாரநாத். துன்பத்துக்குக் காரணம் ஆசை, தீர்வு நடத்தையில் இருக்கிறது என்று புத்தர் முதலில் சொன்னது அங்கேதான். நெசவாளர் குடும்பத்தில் வளர்ந்த கபீர் வாழ்நாளெல்லாம் காசியில் இருந்துவிட்டு, இங்கே செத்தால்தான் முக்தி என்ற நம்பிக்கையை மறுத்து, மகஹருக்குப் போய் இறந்ததாக வரலாறு. உள்ளே இருப்பதற்கு வெளியே எதற்கு அடையாளம் என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் வலு இருக்கிறது. மனநோய் முற்றியவரைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. கறுப்புக் கயிறு மாத்திரைக்கு மாற்றாகாது. அதே சமயம், ராஜஸ்தானின் மெஹந்திபூர் பாலாஜி கோயிலுக்கு வந்தவர்களை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர், 1982-ல் வெளியான நூலில், அந்த வழிபாடுகளைக் கேலி செய்யாமல் அவை நோயாளிக்கு என்ன செய்கின்றன என்று கேட்டார். பெயரில்லாத தவிப்புக்கு ஒரு பெயரும் உருவமும் கிடைக்கிறது. சொல்ல முடியாததைக் குடும்பத்தின் முன் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. அது முழுச் சிகிச்சை ஆகாது, ஆனால் ஒன்றுமில்லாததும் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரின் தவிப்பும் இந்தக் கணக்கில் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் காசிக்கு வந்த குமரகுருபரருக்கு ஆட்சியாளரிடம் பேச இந்துஸ்தானி மொழி தெரியவில்லை. சரஸ்வதியை வேண்டி அவர் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை என்பது மரபு. கேதார படித்துறையில் அவர் நிறுவிய மடம் அந்தத் தவிப்பின் பலன். பிழைப்புக்காக மும்பைக்கும் டெல்லிக்கும் போய் வாய் திறக்க முடியாமல் நின்ற தமிழர்களுக்கு அது புரியும்.

காசியின் சந்துகள் மாறிவிட்டன. விஸ்வநாதர் கோயிலுக்கும் கங்கைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இடிக்கப்பட்டு, 2021 டிசம்பர் 13-ஆம் தேதி அகலமான வளாகம் திறக்கப்பட்டது. வீடுகளுக்குள் மறைந்திருந்த பழைய கோயில்கள் சில வெளிச்சத்துக்கு வந்தன. சில சிறு சன்னிதிகள் இடம் பெயர்ந்துவிட்டன என்று பழைய தெருவாசிகள் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. கூட்டத்துக்கு வசதி கூடியிருக்கிறது. ஆனால் வரிசையில் நின்று, நொடிப்பொழுது விஸ்வநாதரைப் பார்த்து, மறுவழியே வெளியேறிவிடும் யாத்திரிகருக்குச் சுமுகனும் துர்முகனும் தெரியாமலே போகிறார்கள்.

நேரம் இருப்பவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். பெரிய கோயிலை முடித்துவிட்டு, காலில் செருப்பு இல்லாமல், யாரையாவது வழி கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையார்களைத் தேடலாம். மகிழ்ச்சியோடு போனால் மோதன் இருக்கிறார். வழி தவறி, வெயிலில் வியர்த்து, கூட வந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனாலும் கவலையில்லை. துர்முகனுக்கும் ஒரு பூவும் ஓர் அகலும் யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.